மயக்கத்தை உறக்கம் என்று எண்ண வேண்டாம்

“டாக்டரே, பிள்ளை ராத்திரி ஒறங்கவே மாட்டேங்குது, ஏதாவது எழுதித் தாங்க” என்று கேட்டு வருபவர்களிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. யாரிடமும் கேட்காமல் வீட்டிலேயே எதையாவது கொடுத்துவிட்டு, குழந்தை எழும்பவில்லை என்று பதறிக்கொண்டு வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அண்மையில் குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைகால் துவண்டிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினால் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் மறுபடி மூடிக்கொண்டது. காய்ச்சலும் இல்லை, எங்கும் விழவும் இல்லை. கிருமித் தொற்றா, இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதா, தலைக்குள் ஏதேனுமா என்று ஒவ்வொன்றாக நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அம்மச்சி, அதாவது பாட்டி, தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். மூத்த பிள்ளையின் சளிக்கு வாங்கி மிச்சமிருந்த சிரப்பை, உறங்கட்டும் என்று இரவுதோறும் ஒரு மூடி கொடுத்திருக்கிறார்கள். குழந்தை கண்காணிப்பில் இருந்து தேறி வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் இதே கதையை வெவ்வேறு ஊர்க்காரர்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சளி மருந்துகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற பொருள் இருக்கிறது. மூக்கொழுகலைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்பட்ட அந்த மருந்தின் பக்கவிளைவே தூக்கம். நம் வீடுகளில் அந்தப் பக்கவிளைவுக்காகவே அதைக் கொடுக்கிறார்கள். குளோர்பெனிரமினும், மூக்கடைப்பைக் குறைக்கும் பினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் இறந்த பிறகு, 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் அறிவுறுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும், “பிள்ளைக்குச் சளி” என்ற ஒரு சொல்லுக்கு மெடிக்கல் கடையில் பாட்டில் கைக்கு வந்துவிடுகிறது. மூடியால் அளப்பது இன்னொரு வினை. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். அதே மருந்தின் சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம்தான். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சளி மருந்திலேயே பாராசிட்டமால் கலந்திருப்பதும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காய்ச்சல் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், “இருந்தாலும் பிள்ளை நல்லா ஒறங்கிச்சே டாக்டரே” என்பார்கள். எனக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான். அந்தக் குழந்தை உறங்கவில்லை. அதன் மூளையை மருந்து அமுக்கி வைத்திருந்தது. இயல்பான உறக்கத்தில் இருக்கும் பச்சிளங்குழந்தை முகத்தைச் சுளிக்கும், சிரிக்கும், நெளியும், முனகும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கொரு முறை உறக்கம் மேலோட்டமாகி, லேசாக விழித்து மறுபடி ஆழும். பிறந்த புதிதில் உறக்கத்தின் பாதி இப்படிப்பட்ட அசைவுள்ள உறக்கமாகவே இருக்கும். மூக்கு அடைத்தாலோ, முகத்தில் துணி விழுந்தாலோ, மூச்சு ஒரு கணம் தடுமாறினாலோ குழந்தையை உசுப்பி அழவைப்பது இந்த விழித்துக்கொள்ளும் திறன்தான். எந்த நோயும் இல்லாத குழந்தை உறக்கத்திலேயே இறந்துவிடும் திடீர்ச் சாவுகளில் இந்தத் திறன் குறைபட்டிருப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நீங்கள் மருந்து கொடுத்து அணைப்பது, குழந்தைக்கு இயற்கை வைத்த அந்தக் காவலைத்தான். பசித்தாலும் எழும்பாத, நனைந்தாலும் அழாத குழந்தை நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிறது. எடை பார்க்கும்போது ஏறாமல் நிற்கிறது.

மருந்துக் கடைக்குப் போகாத வீடுகளில், கல்லில் உரைத்துக் கொடுக்கும் உரமருந்து இருக்கிறது. ஜாதிக்காய் நம் மாவட்டத்துத் தோட்டங்களிலேயே விளைகிறது. வசம்பும் மாசிக்காயும் கடுக்காயும் எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். உரைகல்லில் தாய்ப்பாலை விட்டு ஓர் உரை உரைத்து நாக்கில் தடவும் வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, என்னையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். ஆனால் ஜாதிக்காய் மயக்கம் தரக்கூடிய பொருள். ஒரு கை அழுத்தி உரைத்தால் ஓர் அளவு, இன்னொரு கை உரைத்தால் வேறு அளவு. நாலு கிலோ எடையுள்ள உடம்பில் அந்த வேறுபாடு சிறியது ஆகாது. அதைத் தேனில் குழைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளியும் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

அடுத்தது ஏத்தங்காய்ப்பொடி, அதாவது நேந்திரங்காயை உலர்த்திப் பொடித்த மாவு. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு அது அருமையான உணவு, நானே சிபாரிசு செய்கிறேன். இரண்டாம் மாதத்திலேயே இரவுக்கு மட்டும் கூழாகக் காய்ச்சிப் புகட்டினால் வயிறு நிறைந்து விடியும்வரை உறங்கும் என்பதுதான் தவறு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு மூன்று மாதத்திலிருந்தே திட உணவும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. அந்தக் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகத்தான் உறங்கினார்கள். மிக அதிகமாகக் கிடைத்த பலன் இரவுக்கு ஏறத்தாழ 17 நிமிடம். அந்த 17 நிமிடத்துக்காகத் தாய்ப்பாலைக் குறைத்து, வயிற்றுப்போக்குக்கும் மலச்சிக்கலுக்கும் இடம் கொடுக்க வேண்டுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உண்மையில் எதை எதிர்பார்க்கலாம்? முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரமும், அதற்குப் பிறகு ஒரு வயதுக்குள் 12 முதல் 16 மணி நேரமும் பகலும் இரவுமாகச் சேர்த்து உறங்கினால் போதும். இரவு, பகல் வேறுபாடு குழந்தையின் உடலுக்குப் பிடிபடுவதற்கே இரண்டிலிருந்து நான்கு மாதமாகும். 2018இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில், ஆறு மாதக் குழந்தைகளில் 38 விழுக்காட்டினர் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம்கூட உறங்கவில்லை. ஒரு வயதிலும் 28 விழுக்காட்டினர் அப்படியே இருந்தார்கள். அவர்களின் வளர்ச்சியில் குறை எதுவும் காணப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மணிக்குப் படுத்தால் காலைச் சங்கு ஊதும்போதுதான் எழும்பும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஒப்பிட வேண்டாம்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. காலையில் குழந்தையை வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்சுங்கள், பகலில் வீட்டின் ஓசைகளை அடக்க வேண்டாம். இரவில் பால் கொடுக்கும்போது மங்கலான விளக்கே போதும். பேச்சும் விளையாட்டும் தொலைபேசித் திரையும் வேண்டாம். மூன்று, நான்கு மாதத்துக்கு மேல், கண் சொக்கியதும் முழுவதும் உறங்கும்முன் படுக்கையில் விட்டுப் பழக்குங்கள். முனகிய உடனே தூக்காமல் சற்றுப் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது உறக்கத்தின் இடையிலேயே முனகுவதுதான். ஆறு மாதம் கடந்த குழந்தை ஓயாமல் புரண்டு புரண்டு உறங்கினால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம். எந்த உறக்கமானாலும் மல்லாந்து, சமமான இடத்தில். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையை எடுத்துவிடுங்கள். கொசுவலையைக் கட்டுங்கள், அடைத்த அறையில் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள். குடித்துவிட்டு வந்தவர் குழந்தையின் பாயில் படுக்கவே கூடாது.

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், காலையில் அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) ஓட வேண்டிய தாய்மார்கள், கணவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்க ஒற்றையாய்க் குழந்தையைப் பார்ப்பவர்கள் ஆகியோரின் களைப்பு எனக்குத் தெரியாததன்று. உறக்கம் இல்லாமல் தவிப்பது பெரும்பாலும் குழந்தையைவிடத் தாய்தான். வீட்டில் இருக்கும் பெரியவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நள்ளிரவுக்கு முன் ஒரு நேரம், விடியலுக்குப் பின் ஒரு நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை உறங்கவிடுங்கள். எதற்கெடுத்தாலும் அழுகிறாள், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள் என்றால் அவளையும் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், எழுப்பியும் எழும்பாமை, பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், உச்சிக்குழி புடைத்தல், தேற்ற முடியாத கீச்சென்ற அழுகை, மூச்சு இழுப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லுங்கள். 108 எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். வரும்போது வீட்டில் கொடுத்த பாட்டிலையும், உரைத்த மருந்தையும் கையோடு எடுத்து வந்து, எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திட்டுவார்களே என்று பயந்து மறைக்காதீர்கள். திட்டுவேன்தான், ஆனால் தேவையில்லாமல் குழந்தையின் முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுப்பதைவிட அது மேல்.