வங்கி வழக்குப் போட்டாலும் வீடு இன்னும் உங்களுடையதுதான்

நியூ ஜெர்சியில் வீடு வாங்கவும் விற்கவும் உதவும் ஏஜென்டாக இருக்கிறேன். வேலை போன நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "தவணை கட்ட முடியவில்லை, ஃபோர்க்ளோஷர் (கடன் பாக்கிக்காக வீட்டை ஏலம் விடக் கேட்கும்) வழக்கும் வந்துவிட்டது. பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடலாமா?" எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு வேலை போனால், வேறு வழி பார்க்கவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்தப் பதற்றத்தில் சாவியை வங்கிக்குத் தபாலில் அனுப்பிவிட்டு விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வழக்குப் போட்டதுமே வீடு வங்கிக்குப் போய்விடுவதில்லை. ஷெரிஃப் என்ற கவுண்டி அதிகாரி நடத்தும் ஏலம் முடிந்து பத்திரம் கைமாறும் வரை உரிமையாளர் நீங்கள்தான். அதுவரை குடியிருப்புச் சங்கத்தின் (அசோசியேஷன்) கட்டணம் உங்கள் பெயரில்தான் ஏறும். படி உடைந்து யாராவது விழுந்தாலும் உங்களைத்தான் தேடுவார்கள்.

"காலி வீட்டை வங்கிதானே பராமரிக்க வேண்டும்?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டா நகரம் 2007-இல் இப்படி ஒரு விதி போட்டது. வீட்டுக்கடன் சரிவுக்குப் பின் ஏராளமான ஊர்கள் அதே வழியில் போயின. நியூ ஜெர்சியிலும் ஃபோர்க்ளோஷர் வழக்கில் உள்ள வீட்டைக் கடன் கொடுத்தவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்று ஊர்கள் விதி போடலாம். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 500 டாலர் வரை. ஆளில்லாத வீடென்றால் மேலும் 2,000 வரை. வெளிமாநில வங்கி இங்கே ஒரு பொறுப்பாளரை நியமிக்காவிட்டால் நாளுக்கு 2,500 டாலரும், பராமரிக்கத் தவறினால் நாளுக்கு 1,500 டாலரும் அபராதம் விதிக்கலாம்.

ஆனால் இந்த விதிகள் அக்கம்பக்கத்தைக் காப்பாற்ற வந்தவை, உங்கள் கடனைக் குறைக்க வந்தவை அல்ல. வங்கி அனுப்பும் ஆள் புல் வெட்டுவார், பூட்டை மாற்றுவார், குழாய்த் தண்ணீரை வடிப்பார். அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் கடன் பாக்கியிலேயே ஏறும். அதோடு, ஆளில்லாத வீட்டில் குவிந்த தபால், துண்டித்த மின்சாரம், வளர்ந்த புல் போன்ற அடையாளங்களில் இரண்டு இருந்தாலே கைவிடப்பட்ட வீடு என்று காட்டி வழக்கை விரைவாக முடித்துத் தரும்படி வங்கி கேட்கலாம். உங்களுக்கு இருந்த அவகாசமும் போய்விடும்.

ஒரு ஜனவரியில் அப்படிப்பட்ட வீடு ஒன்றைப் பார்த்தேன். கேஸ் நின்றதால் ஹீட்டர் ஓடவில்லை. மாடிக் குளியலறைக் குழாய் உறைந்து வெடித்து, சமையலறைக் கூரை ஊறி அடுப்பின் மேல் விழுந்து கிடந்தது. மரத்தரை உப்பி எழும்பியிருந்தது. பூஜை அலமாரி வரை கரும்பூசணம். ஹீட்டரை ஓட விடவில்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நல்ல நிலையில் விற்றிருந்தால் கடனை அடைத்து மிச்சமும் பார்த்திருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? சம்மன் கையில் வந்தால் பதில் தர 35 நாள் உண்டு. நீதிமன்றத்தின் இலவச சமரசத் திட்டத்தைக் கேளுங்கள். மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்களும் கட்டணம் வாங்குவதில்லை. வீட்டை வங்கியிடமே ஒப்படைப்பதென்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். சாவி மட்டும் கொடுத்தால் போதாது. போயே ஆக வேண்டுமா? நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுங்கள். தண்ணீரின் மெயின் வால்வை மூடி, குழாய்களை வடித்து, ஹீட்டரை ஓட விட்டு, தபாலுக்கு மாற்று முகவரி கொடுங்கள். வீடு காலியாக இருப்பதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

வங்கி விற்கும் வீட்டை வாங்குகிறவர்கள், கிளோசிங்குக்கு (பணம் கொடுத்துப் பத்திரம் மாற்றும் நாளுக்கு) முன்பே நகராட்சியில் அது பதிவில் இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்று கேட்டுவிடுங்கள். பக்கத்து வீடு பாழடைந்து கிடந்தால் வங்கியின் கஸ்டமர் கேரில் காத்துக்கிடக்காதீர்கள். வீட்டுப் பராமரிப்பு விதிகளைக் கண்காணிக்கும் நகராட்சியின் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் அலுவலகத்தில் முகவரியைச் சொல்லிப் புகார் கொடுங்கள். பதிவான வீடென்றால் பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவர்களிடம் இருக்கும்.