உள்ளங்காலுல கருப்புப் புள்ளி: ஆணியா, மச்சமா, வேற ஏதாவதா?

எங்க மாமா பனையேறி. இப்பம் ஏறுறது இல்ல, முட்டு போயாச்சு, ஆனா முப்பது வருசத்துக்கு மேல மரம் ஏறுன காலு அது, உள்ளங்காலு ரெண்டும் செருப்பு வாரு மாதிரி கெட்டியா இருக்கும். போன வருசம் வலது குதிகால் பக்கத்துல ஒரு கருப்புப் புள்ளி வந்துருக்கு. எடது காலுல ஏற்கெனவே ஒரு ஆணி இருந்ததால இதுவும் ஆணிதான்னு அவரே முடிவு பண்ணி, மருந்துக்கடையில கார்ன் பிளாஸ்டர் வாங்கி அஞ்சு மாசம் மாத்தி மாத்தி ஒட்டியிருக்காரு, கடைக்காரரும் ஒரு தடவை கூட காலைக் காட்டுங்கன்னு கேக்கல. பிளாஸ்டரை எடுக்கும்போதெல்லாம் தோலு உரியும், புள்ளி மட்டும் போகல, ஒரு பக்கமா படர வேற செஞ்சிருக்கு.

ஸ்கின் கேன்சர்னு யாருக்கும் தோணல. எனக்கும்தான். அது ஆஸ்திரேலியா பீச்சுல படுத்துக் கெடக்குற வெள்ளக்காரங்களுக்கு வர்றது, நம்ம கருப்புத் தோலுக்கு என்ன வரப்போவுதுன்னு நெனப்பு. இந்த நெனப்புல பாதி உண்மை இருக்கு, மீதி பாதிதான் ஆளை மாட்டிவிடுது.

உண்மையான பாதியை மொதல்ல பாப்போம். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் பூமத்திய ரேகையில இருந்து 8 டிகிரிதான் தள்ளி இருக்கு. வெயில் காலத்துல மத்தியானம் இங்க புற ஊதாக் குறியீடு, அதாவது வெயில்ல உள்ள புற ஊதாக் கதிரோட உக்கிரத்தைச் சொல்ற எண், 11ஐத் தாண்டும், அதுக்கு மேல வேற வகையே கெடையாது, அதுதான் உச்சம். அந்தக் கதிர் தோலுக்குள்ள போயி செல்லுல இருக்க டிஎன்ஏவைத் தொடும்போது பக்கத்து பக்கத்துல இருக்க ரெண்டு தைமின் (டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஒண்ணு) ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஜிப்புல ரெண்டு பல்லு சேந்து மாட்டிக்கிட்ட மாதிரி. அப்புறம் அந்த இடத்தைச் சரியா படிச்சு காப்பி எடுக்க முடியாது. இதை வெட்டி எடுத்துட்டு புதுசா ஒட்டுறதுக்கு செல்லுக்குள்ளேயே ஆளு இருக்கு, அந்த வேலை எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் அஜீஸ் சன்ஜாருக்கு 2015ல வேதியியல் நோபல்ல பங்கு கெடச்சுது. பொறக்கும்போதே இந்த ரிப்பேர் வேலை செய்யாத புள்ளைங்க இருக்காங்க, அவங்கள்ல நெறைய பேருக்கு பத்து வயசுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வந்துரும், வெயிலே படாம வளக்கணும்.

நம்ம தோலுக்கு இன்னொரு காவல் இருக்கு, மெலனின். மெலனோசைட்டுன்னு ஒரு செல்லு இந்த நிறமியைச் செஞ்சு பக்கத்துல உள்ள செல்லுக்கெல்லாம் ஊட்டிவிடும், அந்தச் செல்லு அதை வாங்கி தன்னோட உட்கரு மேல தொப்பி மாதிரி கவுத்து வச்சுக்கும். நெசமாவே தொப்பிதான், மைக்ரோஸ்கோப்புல பாத்தா வெயில் வர்ற பக்கமா பாத்து கவுந்து இருக்கும். ரொம்பக் கருத்த தோலோட மேல்படலம் 13 எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் டப்பாவுல போடுற அதே எண்) அளவுக்குத் தடுக்குது, வெள்ளத் தோலு 3 சொச்சம்தான்னு 1979லயே அளந்து வச்சிருக்காங்க. நாம ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ. கொளச்சல்ல நாள் முழுக்க வள்ளத்துல நிக்கிறவங்க வண்டி வண்டியா வெயிலு வாங்கியும் வெள்ளக்காரங்க அளவுக்கு இந்த நோய் வராததுக்கு இந்தத் தொப்பிதான் முக்கியமான காரணம்.

இப்பம் மத்த பாதி. உள்ளங்காலுல வெயிலு எங்க படுது? படவே படாது, பட்டாலும் அந்தத் தடிச்ச தோலைத் தாண்டாது. ஆனா அங்கேயும் மெலனோசைட்டு இருக்கு, அது கெட்டுப்போனா மெலனோமா, தோல் புற்றுநோய்லயே ஆளைக் கொல்றதுல மொத எடத்துல இருக்கறது. வெள்ளக்காரங்களுக்கு அது முதுகுல, காலு ஆடுசதையில வரும். கருப்பா, மாநிறமா இருக்கவங்களுக்கு வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. பாப் மார்லி தெரியும்ல, ஜமைக்கா பாட்டுக்காரரு, 1977ல கால் பெருவிரல் நகத்துக்கு அடியில கண்டுபிடிச்சாங்க, ஃபுட்பால்ல அடிபட்டதுன்னுதான் மொதல்ல நெனச்சிருக்காங்க, 1981ல 36 வயசுல செத்துப்போனாரு. இந்த வகைக்குக் காரணம் சூரியன் இல்ல. கட்டியோட டிஎன்ஏவைப் படிச்சுப் பாத்தா அந்தத் தைமின் ஒட்டுன தடயம் ரொம்பக் கம்மி, அதுக்குப் பதிலா குரோமோசோம் துண்டு துண்டா பிஞ்சு சில துண்டு மட்டும் பல காப்பி ஆயிருக்கும். உடம்பு பாரம் அழுத்துற எடத்துல, அதாவது குதிகால்லயும் முன்னங்கால்லயும் இது அதிகம் வருதுன்னு 2016ல ஜப்பான் டாக்டருங்க எழுதுனாங்க.

எங்க ஊர்ல ஒருத்தரு கேட்டாரு, மணவாளக்குறிச்சி மண்ணுதான் காரணமான்னு. அந்தக் கடக்கரை மண்ணுல மோனசைட்டு இருக்கு, அதுல தோரியம் இருக்கு, கதிர்வீச்சு சாதாரண ஊரைவிட ஜாஸ்திங்கறது உண்மை. இதே மாதிரி மண்ணு உள்ள கேரளா கருநாகப்பள்ளியில கிட்டத்தட்ட 70,000 பேரை பத்து வருசத்துக்கு மேல பின்தொடர்ந்து பாத்து 2009ல வெளியிட்டாங்க, இயற்கைக் கதிர்வீச்சு கூடுனதால புற்றுநோய் கூடுனதா தெரியல. இதை வச்சு மண்ணு அள்ளலாம்னு யாரும் கெளம்பிரக் கூடாது, அது வேற பிரச்சன.

மாமா கதைக்கு வாறேன். தோல் டாக்டரு ஒரு சின்ன லென்ஸை காலுல அமுக்கி வச்சு பாத்தாரு. டெர்மோஸ்கோப்பு, பத்து மடங்கு பெருசாக்கும், தோலு மேல மினுங்குற வெளிச்சத்தை வடிகட்டிட்டு உள்ள இருக்க நிறத்தைக் காட்டும். உள்ளங்கால்ல விரல் ரேகை மாதிரியே வரப்பும் பள்ளமும் மாறி மாறி ஓடும் பாத்தியளா, டாக்டருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில், கருப்பு வரப்புல இருக்கா பள்ளத்துல இருக்கான்னு. சாதாரண மச்சமா இருந்தா அதோட செல்லு பள்ளத்துக்கு நேரா கீழ உக்காந்திருக்கும், அதனால நிறம் பள்ளத்துல மெல்லிசா கோடு கோடா விழும். மெலனோமா வரப்புக்குக் கீழ படரும், கருப்பு வரப்பு மேல பட்டையா நிக்கும். எது வரப்புன்னு எப்படித் தெரியும்னா வேர்வைத் துவாரம் எல்லாம் வரப்பு மேலதான் தெறக்கும், வெள்ளை வெள்ளையா மணி கோத்த மாதிரி தெரியும். மெலனோமா இல்லாத புள்ளியில 99 சதவீதத்துல இப்படி வரப்புல பட்டை தெரியாதுன்னு 2004ல ஜப்பான்ல கணக்குப் பாத்துருக்காங்க.

அப்படியும் சந்தேகம்னா பேனா மையைத் தடவித் தொடச்சு விடுவாங்க. வரப்புல உள்ள மை போயிரும், பள்ளத்துல தங்கும், அப்பம் லென்ஸ்ல பாத்தா நோயோட கருப்பு மைக்கோட்டு மேல விழுதா பக்கத்துல விழுதான்னு பிரிச்சுரலாம். மாமாவுக்கு இதைச் செஞ்சப்பம் அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "மருமோனே, இது எங்க பாட்டா ஓலையில கீறிட்டு கரி தேச்ச கணக்கால்ல இருக்கு." அதேதான். ஓலையில எழுத்தாணி கீறுன பள்ளத்துல மட்டும் கரி நிக்கும்ல.

மாமாவுக்கு கருப்பு வரப்புல இருந்துச்சு.

மெஷினை வச்சு கண்டுபிடிக்கறதைப் பத்தியும் சொல்லணும், இப்பம் ஆளாளுக்கு ஆப்பு டவுன்லோடு பண்ணி மச்சத்தை போட்டோ எடுக்காங்க. 2017ல ஸ்டான்ஃபோர்டுல 1,29,450 படத்தைக் காட்டி ஒரு செயற்கை நுண்ணறிவைப் பழக்குனாங்க, 21 தோல் டாக்டருங்களோட மோதவிட்டா சமமா நின்னுச்சு. ஆனா அதுல ஒரு கூத்து, சந்தேகப்பட்ட மச்சத்தை போட்டோ எடுக்கும்போதுதான் டாக்டருங்க அளவுக்கு பக்கத்துல ஸ்கேல் வைப்பாங்க, அதனால ஸ்கேலு இருந்தா கேன்சரு சான்ஸ் அதிகம்னு மெஷினு படிச்சுக்கிட்டிருந்துச்சு. இன்னொண்ணு, பழக்குன படம் பெரும்பாலும் வெள்ளத் தோலு. அங்கேயே 2022ல எல்லா நிறமும் கலந்த 656 படத்தைக் காட்டி சில மெஷினைச் சோதிச்சாங்க, கருத்த தோலுல எல்லாமே சறுக்குச்சு. மாமா காலை ஆப்புல காட்டிருந்தா என்ன சொல்லியிருக்குமோ.

கத்தி பட்டா பரவும்னு எங்க அத்தை ஒரே அழுகை. இந்தப் பயம் ஊரு முழுக்க இருக்கு. வெட்டி எடுத்துப் பாக்காம முடிவே பண்ண முடியாது, வெட்டுறதால மெலனோமா பரவாது, வெட்டாம வச்சிருந்தாத்தான் பரவும். எடுத்த துண்டை மைக்ரோஸ்கோப்புல வச்சு எத்தன மில்லிமீட்டர் ஆழம் எறங்கியிருக்குன்னு அளப்பாங்க, அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ 1970ல சொன்ன அளவு, இன்னைக்கும் ஆளு தலையெழுத்தைச் சொல்றதுல அதுதான் முக்கியம். அகலம் எவ்வளவு இருந்தாலும் பரவால்ல, ஆழம் 1 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா சுத்தி 1 சென்டிமீட்டர் நல்ல தோலும் சேத்து வெட்டுனா போதும், 2 மில்லிமீட்டரைத் தாண்டுனா 2 சென்டிமீட்டர் வெட்டணும். பத்து பேப்பர் அடுக்குன தடிமன்ல ஆளோட விதி மாறுது.

காலுல புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டும்னு நமக்குத் தெரியும். அதே வழியிலதான் இந்தச் செல்லும் போவும். 1992ல டொனால்டு மார்டன் குழு இதுக்கு ஒரு வேல செஞ்சாங்க, கட்டி இருந்த எடத்துல நீலச் சாயத்தை ஏத்தி அது எந்த நெறியில மொதல்ல போயி சேருதுன்னு பாத்து அந்த ஒண்ணை மட்டும் எடுத்துச் சோதிக்கறது. அது சுத்தமா இருந்தா மத்ததெல்லாம் எடுக்க வேண்டாம், காலு வீங்கிப்போவாது.

பரவிருச்சுன்னா? முன்னாடி ஒண்ணும் பெருசா செய்ய முடியாது. நம்ம எதிர்ப்பு அணுக்களுக்கு பிரேக் இருக்கு, கட்டி அந்த பிரேக்கை அமுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு, அதை விடுவிச்சா அணுக்களே அடிச்சுரும்னு ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் காட்டுனாங்க, 2018ல நோபல். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015ல மெலனோமா மூளை வரைக்கும் போயி, அப்பம் அவருக்கு 90, ஆபரேஷன், கதிரியக்கத்தோட இந்த வகை மருந்தும் குடுத்தாங்க, 100 வயசு வரைக்கும் இருந்தாரு. ஆனா இங்கயும் நம்ம காலுக்கு ஒரு ஓரவஞ்சனை. வெயிலால வந்த கட்டியில ஆயிரக்கணக்குல பிழை இருக்கும், அதனால எதிர்ப்பு அணுக்களுக்கு இது நம்ம ஆளு இல்லன்னு சீக்கிரம் தெரிஞ்சுரும். உள்ளங்கால் கட்டியில பிழை கம்மி, அடையாளம் கம்மி, மருந்து பிடிக்கறதும் கம்மி. பிராஃப்னு ஒரு ஜீன்ல கோளாறு இருந்தா அதுக்குன்னு தனி மாத்திரை இருக்கு, அந்தக் கோளாறும் இந்த வகையில அவ்வளவா இருக்காது. விலை வேற லட்சத்துல. அதனாலதான் சின்னதா இருக்கும்போதே பாக்கறது மத்தவங்களவிட நமக்கு ரொம்ப முக்கியம்னு டாக்டரு சொன்னாரு.

சும்மா பயப்படவும் வேண்டாம். நம்ம நகத்துல கருப்புக் கோடு சாதாரணம், எங்க அம்மைக்கு நாலு விரல்ல இருக்கு. ஒரே ஒரு விரல்ல புதுசா வந்து, அகலமாகி, நகத்தைத் தாண்டி தோலுலயும் கருப்பு எறங்குனா காட்டணும். இன்னொண்ணு பொம்பளைங்க கவனிக்க வேண்டியது, இடுப்புல பாவாடை நாடா வருசக்கணக்கா இறுக்குன எடத்துல ஆறாத புண்ணு இருந்தா அதையும் விட்டுரக் கூடாது, சேலை கேன்சர்னே மருத்துவத்துல பேரு வச்சிருக்காங்க, அது வேற வகை, செதிள் செல் புற்றுநோய்.

மாமாவுக்கு ஆழம் 0.9 மில்லிமீட்டர். திருவனந்தபுரத்துல ஆபரேஷன், தொடையில இருந்து தோலு எடுத்து குதிகால்ல வச்சு தச்சாங்க, நெறி சுத்தம். மூணு மாசத்துக்கு ஒருக்கா போயி காட்டிட்டு வாறாரு. எடது காலையும் டாக்டரு லென்ஸை வச்சு நல்லா பாத்தாரு, அது நெசமாவே ஆணிதானாம். அதுக்கு இன்னும் பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டுதான் இருக்காரு, அதே கடையில வாங்கி.