மெட்டல் டிடெக்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

போன மாதம் கடலூர் முதுநகரில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டுக்குப் போயிருந்தேன். நூறு வருஷத்துக்கும் மேலான வீடு, பின்னால் பெரிய தோட்டம். அவருடைய தம்பி ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்திருந்தார், அதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. "புதையல் மெஷின் வந்திருக்காம்" என்றுதான் பேச்சு. சாயங்காலம் வரைக்கும் தேடியதில் கிடைத்தது ஏழெட்டுத் துருப்பிடித்த ஆணி, ஒரு கதவுக் கீல், அப்புறம் ஒரு ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அடித்த காசு அது, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் 'புதையல் மெஷின்' என்ற பெயர் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கூட்டத்தில் ஒருவர், "ஒரு நாள் அரிக்கமேட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்றார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுகம் இருந்த இடம் அது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

மெட்டல் என்பதன் மூலம் கிரேக்கத்து 'மெட்டல்லோன்'. அங்கே அதற்குச் சுரங்கம் என்று பொருள், கல் வெட்டும் குழிக்கும் அதே சொல். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வருவதற்குள், குழியின் பெயர் குழியில் கிடைத்த பொருளுக்கு ஆகிவந்துவிட்டது. டிடெக்டர் லத்தீன்காரி. 'டெகெரே' என்றால் மூடுவது, முன்னால் 'டே' சேர்ந்தால் மூடியதை விலக்குவது.

நம் 'உலோகம்' வடமொழி 'லோஹம்'. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் உகரம் சேர்ந்தது. லோஹம் முதலில் செந்நிறமானதை, அதாவது செம்பைக் குறித்தது. நம் 'செம்பு' என்ற பெயரும் செம்மையிலிருந்து வந்ததுதான், இரண்டு மொழியும் ஒரே நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு. தமிழுக்கே உரிய சொல் வேண்டுமென்றால் 'பொன்' இருக்கிறது. இன்றைக்கு அது தங்கம், முன்னாளில் எல்லா உலோகத்துக்கும் பொதுப்பெயர். ஐம்பொன் சிலை என்று சொல்கிறோமே, ஐந்து உலோகம் என்றுதானே அர்த்தம்? இரும்புக்குக் கரும்பொன் என்றே பெயர் உண்டு. நிகண்டுகளில் 'மாழை' என்றும் ஒரு சொல் வரும்.

அப்படியானால் 'பொன்னுணரி' என்று வைக்கலாமா? வேண்டாம், கேட்பவர் காதில் தங்கம்தான் விழும், மறுபடி புதையல் மெஷினிலேயே போய் நிற்போம். 'மாழை' சேர்த்தால் யாருக்கும் புரியாது. 'உலோகங்காணி' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் காணி என்றால் 132 சென்ட் நிலம், "எவ்வளவு காணி, எங்கே இருக்கு?" என்று விலை கேட்பார்கள். பத்திரிகைகள் எழுதும் 'உலோகம் கண்டறியும் கருவி' பிழையில்லை, பேச்சில் நீளம். என் தேர்வு 'உலோக உணரி'. சென்சாருக்கு உணரி என்று ஏற்கெனவே எழுதிப் பழகிவிட்டோம், அந்தக் கருவி செய்கிற வேலையும் அதுதான்.

எப்படி என்றால், கீழே இருக்கும் வட்டமான கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் ஓடி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும்பி, அதற்கென ஒரு சிறு காந்தப்புலம் பிறக்கும். அந்த மாற்றத்தைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்புகிறது, அவ்வளவுதான். ஆணியா அணாவா என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைக் கொண்டுபோனார், குண்டு அகப்படவில்லை, கட்டில் மெத்தையிலிருந்த இரும்புச் சுருள்கள் குழப்பியதும் ஒரு காரணம் என்பார்கள். தேவனாம்பட்டினம் கரையில் உப்புநீர் ஊறிய மணலுக்கே கருவி கத்தும், ஏனென்றால் உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும்.

அரிக்கமேட்டுக்குப் போகலாமா என்றவருக்கு நான் சொன்னதும் இதைத்தான். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். அது ஒரு பக்கம். அந்த மேட்டை உலகத்துக்குக் காட்டியது எது? 1945-இல் தொல்லியல் அறிஞர் மோர்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புப் பாண்ட ஓடுகளை வைத்துத்தான் அந்த மண்ணடுக்குகளின் காலத்தைக் கணித்தார். அப்புறம் சிறு கோடுகளை வட்டவட்டமாகப் பதித்த 'ரௌலட்டட்' பானை ஓடுகள், மதுச்சாடித் துண்டுகள், கண்ணாடி மணி, கல்மணி. இதில் ஒன்றுக்காவது உணரி ஒலிக்குமா? ஒலிக்காது. ஒரு செப்புக்காசுக்காக மண்வெட்டியைப் போட்டால், எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பது கலைந்துபோய்விடும், அதைத் திரும்ப அடுக்க யாராலும் ஆகாது.

'புதையல்' என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். புதை என்ற வினையிலிருந்து வந்தது, யாரோ புதைத்து வைத்தது. ஆங்கிலச் சட்டச்சொல்லான 'ட்ரெஷர் ட்ரோவ்' இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ட்ரோவ் என்பது பழைய பிரெஞ்சில் 'கண்டெடுத்த', புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'ட்ரூவே' என்று சொன்னால் உடனே பிடிபடும். அவர்கள் சொல்லில் எடுத்தவன் இருக்கிறான், நம் சொல்லில் வைத்தவன் இருக்கிறான். எனக்கு நம் சொல்தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் வைத்தவன் ஏன் வைத்தான் என்ற கேள்வியை அது கூடவே கூட்டிவருகிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையாவது மண்ணிலிருந்து எடுத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

நண்பரின் தம்பி இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறார். காலணா கிடைத்த இடம் கிணற்றிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன ஓடு கிடந்தது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.