ஆம்பியன்ட் – சூழிசை

“ஹோட்டல் ஆம்பியன்ஸ் அருமை” என்று சொல்லிப் பழகியவர்களுக்கு ஆம்பியன்ட் என்ற சொல் புதிதல்ல. இசையில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. அது பிடிபடாததால் ஒரு நல்ல ஆல்பத்தை இருபது வயதில் தூக்கி எறிந்தவன் நான்.

ஆங்கிலேய இசைக்கலைஞர் ப்ரையன் ஈனோ 1978-இல் வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’. முதல் துண்டு பதினாறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். ஹெட்ஃபோன் மாட்டி, எப்போது பாட்டு ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். நாலு பியானோ ஸ்வரம், ஒரு இடைவெளி, திரும்பவும் அதே. சிடி சிக்கிக்கொண்டதோ என்று எடுத்துத் துடைத்துக்கூடப் பார்த்தேன். ஆம்பியன்ட் என்றால் பின்னணி இசை என்றுதான் அப்போது பொருள் கொண்டிருந்தேன். பின்னணி என்றால் முன்னணியில் யாராவது வரவேண்டுமே! யாரும் வரவில்லை.

லத்தீனில் ‘ஆம்பி’ என்றால் சுற்றி, ‘ஈரே’ என்றால் செல்லுதல். சுற்றிவருவது ஆம்பியன்ட். ரோமில் பதவிக்கு நின்றவர்கள் ஓட்டுக் கேட்டுச் சுற்றிவந்ததும் இதே வினைதான்; பேராசையைக் குறிக்கும் ‘ஆம்பிஷன்’ அதில் பிறந்தது. நம் ‘சூழ்’ போன வழியும் ஏறக்குறைய இதுவே. சுற்றியிருத்தல் ஒரு பொருள், ஆராய்தல் இன்னொன்று. ‘மற்றொன்று சூழினும்’ என்று குறளில் வருவது இரண்டாவது. ஆலோசனையாக இருந்த சூழ்ச்சி இன்று சதியாகிவிட்டது, பாவம்.

ஆகவே ஆம்பியன்ட் இசைக்குத் தமிழில் ‘சூழிசை’ என்பதே என் தேர்வு. ‘சுற்றுப்புற இசை’ மாசுக் கட்டுப்பாட்டு அறிக்கை மாதிரி ஒலிக்கிறது. ‘சூழல் இசை’ பரவாயில்லை, ஆனால் சூழல் பெயர்ச்சொல், அசையாமல் நிற்கும். சூழிசை வினைத்தொகை: சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் இசை. முக்காலமும் அடக்கம்.

இந்த ஆல்பத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. ‘2/1’ என்ற துண்டில் ஒவ்வொரு குரல் ஸ்வரமும் தனித்தனி டேப் வளையத்தில் (முனைகளை ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்ட ஒலிநாடா) ஓடுகிறது. ஒன்று 23½ வினாடிக்கு ஒருமுறை வரும், இன்னொன்று கிட்டத்தட்ட 26 வினாடிக்கு, மற்றொன்று 30-ஐ ஒட்டி. நீளம் ஒத்துப்போகாததால், ஒருமுறை சேர்ந்து ஒலித்த ஸ்வரங்கள் மறுமுறை விலகிவிடும். தம்புரா மட்டும் மீட்டப்பட்டு, பாடகர் வராமலே போன கச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்றுக் கேட்டால் சுவைக்க வேண்டும், கேட்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது என்பது ஈனோ வைத்த இலக்கணம்.

போன மாதம் இரவு, ஸ்பீக்கரில் சத்தத்தை வெகுவாகக் குறைத்து அதை மறுபடி போட்டேன். மின்விசிறியின் கடகட, அடுப்படியில் குழாய்ச் சொட்டு, நடுவே அந்தக் குரல்கள். எது ஆல்பம், எது வீடு என்று சில நிமிடம் பிரித்தறிய முடியவில்லை. அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

“என்னடா அது, பக்கத்து வீட்லயா?”