சோலார் பேனலுக்கு வீட்டு எம்.சி.பி. போதாதா?

பென்னாகரம் அருகே தோட்டத்துக் கொட்டகையில் சோலார் பேட்டரி பொருத்தவிருக்கும் வாசகர் ஒருவர், வீட்டு வயரிங்கில் மிச்சமான ஏ.சி. எம்.சி.பி.யையே (மின்னோட்டம் அளவுமீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பேனல் லைனிலும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. நான்கு பெரிய பேனல்களைத் தொடராக இணைத்தால் 150 வோல்ட்டைத் தாண்டிவிடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில், லேபிளில் உள்ள 25 டிகிரி அளவைவிட பேனலின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால், வோல்டேஜ் இன்னும் ஏறக்குறைய 3 சதவீதம் ஏறும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜை முறைப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரின் உச்ச வோல்டேஜ் வரம்பை இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்த்து வாங்க வேண்டும்.

எந்தச் சுவிட்சை அணைத்தாலும், உலோக முனைகள் பிரியும் கணத்தில் இடையிலுள்ள காற்று பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகி, அயனிகளாகி, தானே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது, இதுவே மின்வில். வீட்டு மின்சாரம் ஏ.சி., அதாவது திசை மாறிக்கொண்டே இருப்பது; அது நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், வில் தானாகவே அணைந்துவிடுகிறது. பேனல் தருவதோ ஒரே திசையில் ஓடும் டி.சி.; அதில் அந்தச் சுழியே இல்லாததால், வெயில் இருக்கும்வரை வில் நின்றெரிந்து எம்.சி.பி.யின் கூட்டையே உருக்கிவிடக்கூடும். பேனல் ஷார்ட் ஆனாலும் வழக்கத்தைவிடச் சற்றே கூடுதலான ஆம்பியர்தான் வரும் என்பதால், எம்.சி.பி. தானாக விழும் என்றும் நம்பியிருக்க முடியாது.

டி.சி. எம்.சி.பி. இதை முறியடிக்கும் விதம் எனக்கு அலுக்காத காட்சி. மின்வில்லும் மின்னோட்டந்தான் என்பதால், காந்தப்புலம் மின்னோட்டத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்லும், பள்ளியில் படித்த பிளமிங்கின் இடக்கை விதி அதற்கும் பொருந்தும். உள்ளேயிருக்கும் சிறு காந்தம் வில்லைப் பக்கவாட்டில் தள்ளி, நீட்டி, அடுக்கிவைத்த இரும்புத் தகடுகளுக்குள் செலுத்த, அங்கே அது பல குட்டி வில்களாக வெட்டுப்படுகிறது. ஒவ்வொன்றும் நிலைத்திருக்கத் தனித்தனியே 20 வோல்ட் அளவுக்குத் தேவைப்பட, அவற்றின் கூட்டுத்தொகை பேனல் தரக்கூடியதை மிஞ்சியதும் எல்லாம் ஒருசேர அணைகின்றன. நிலைக்காந்தம் வைத்த வகையில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் விசையும் திசைமாறி, வில் தகடுகளைவிட்டு எதிர்ப்புறம் ஓடும். ஆகவே அதன்மேல் அச்சிட்ட குறிகளைப் பார்த்தே வயரை முடுக்க வேண்டும்.

பேட்டரிப் பக்கம் நிலைமை நேர்மாறானது. 150 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும் என்பதால், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் டி.சி. பியூஸ் இருக்க வேண்டும். சார்ஜாகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும்; கொட்டகையில் காற்றோட்டம் அவசியம். ஆயுத பூசையன்று பேட்டரிக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் ஈரச் சந்தனத்தை முனைகளில் பூசுவதைப் பக்தி என்று ஏற்க மாட்டேன். அது அரிப்பைத்தான் வரவழைக்கும்.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் பிறகே பேனலையும் இணைக்க வேண்டும். பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்தே இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவு செய்கின்றன. கழற்றும்போது பேனல் முதலில், அதுவும் எம்.சி.பி.யை அணைத்த பின்னரே. சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கையில் பேனல் கனெக்டரைப் பிடுங்கினால், மின்வில் பிடுங்கியவர் விரல்களுக்கிடையிலேயே எழும்.