தாலி கட்டும் நேரத்தில் வெளுத்துப்போகும் லென்ஸ்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், மேகமில்லாத தை மாத இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவது வழக்கம். ஊட்டியை அடுத்த தலைகுந்தாவின் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி வெள்ளை விரித்தாற்போல் படிந்திருக்கும். அப்படியொரு விடியலில், மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுப்பதை மண்டப வாசலில் முக்கால் மணி நேரம் நின்று படம்பிடித்துவிட்டு மணமேடைக்கு விரைந்தேன். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனபோது, மணமகளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீர்த்த பாலைப்போல ஒரு வெண்மை மட்டுமே தெரிந்தது. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடியதே தவிர எங்கும் நிலைகொள்ளவில்லை. லென்ஸ் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

உண்மையில் பழுதாகியிருக்கவில்லை. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 5 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 7 கிராம் நீராவிதான் இருக்க முடியும். மண்டபத்துக்குள்ளோ ஓமத் தீ, சமையற்கட்டின் ஆவி, நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அங்கே வெப்பநிலை 22 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு கனமீட்டரில் 13 கிராமுக்கும் அதிகமான நீராவி இருக்கும். இந்தக் காற்று சுமார் 16 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கிவிடும். இந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். வெளியே நின்று 5 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்ட கண்ணாடியை மண்டபக் காற்று தொட்டவுடன் அதன்மேல் நுண்துளிகள் பூக்கின்றன. ஒவ்வொரு துளியும் ஒளியை வெவ்வேறு திசையில் வளைத்துச் சிதறடிப்பதால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு மங்குகிறது. அந்த வேறுபாட்டை நம்பியே இயங்கும் ஆட்டோஃபோகஸ் தடுமாறுகிறது.

முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் படிந்த ஈரத்தை மென்மையான துணியால் ஒற்றி எடுக்கலாம். கண்ணாடி பனிநிலையைத் தாண்டிச் சூடாகும்வரை அது மீண்டும் மீண்டும் படியும் என்பதால் பொறுமை வேண்டும். பருத்த ஜூம் லென்ஸைவிடச் சிறிய 50 மில்லிமீட்டர் லென்ஸில் கண்ணாடியும் உலோகமும் குறைவு, ஆகவே அது விரைவில் சூடேறித் தெளிந்துவிடும். ஆனால் அவசரத்தில் லென்ஸை மாற்றுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. குளிர்ந்த கேமரா உடலின் வாயைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே புகுந்து, படத்தைப் பதிவுசெய்யும், எளிதில் துடைக்க முடியாத சென்சாரின் பக்கம் படிகிறது. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸைத் திருப்புவதும் துருத்தியை இயக்குவது போன்றதே. ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது.

அன்று எனக்குக் கைகொடுத்தது சட்டைப் பையில் இருந்த கைபேசி. உடற்சூட்டில் கிடந்த அதன் கண்ணாடி பனிநிலையைவிட வெப்பமாக இருந்ததால் அதில் ஒரு துளிகூடப் படியவில்லை. மூன்று முடிச்சையும் அதில்தான் எடுத்தேன். குளிரில் செயலிழந்ததாகத் தோன்றும் பேட்டரிகளுக்கும் அந்தப் பையே நல்ல இடம்: குளிரில் உள்தடை கூடுவதால்தான் பேட்டரி தீர்ந்ததுபோல் காட்டுகிறது, சூடேறினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

உண்மையான சேதம் எப்போது நேர்கிறது? கேமராவின் உள்ளே ஈரம் இறங்கியிருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால்தான். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் வியர்வை உப்பும் தூசியும் கரைந்த நீர்ப்படலம், மின்பலகையில் அடுத்தடுத்து இருக்கும் இரு முனைகளுக்கிடையே பாலமாகிவிடுகிறது. செம்பு அயனிகளாகக் கரைந்து எதிர்முனைக்குச் சென்று முடிபோல் வளர்கிறது, ஒருநாள் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) உண்டாகிறது. ஆகவே உள்ளே ஈரம் தெரிந்தால், மெமரி கார்டில் படம் பதிவாவதைக் காட்டும் விளக்கு அணைந்ததை உறுதிசெய்துகொண்டு கேமராவை அணைத்து, முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். முடி உலர்த்தும் கருவியின் சூட்டுக்காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதாலும் பயனில்லை, அதன் மாவுத்தூள் நுண்ணிய இணைப்புகளில் அடைவதுதான் மிச்சம். மூடிய டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே சரி.

இப்போதெல்லாம் வாசலுக்கு ஒரு கேமரா, மணமேடைக்கு ஒரு கேமரா என்று பிரித்துவிடுகிறேன். மேடைக் கேமரா முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே மண்டபத்துக்குள் இருக்கும். ஒன்றே ஒன்றுதான் கைவசம் என்றால், வெளியிலேயே அதைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி உள்ளே கொண்டுவர வேண்டும். ஈரம் பையின் வெளிப்புறத்தில் வழியும். உள்ளே அகப்பட்ட குளிர்காற்றில் ஈரம் குறைவாகவே இருப்பதால் கேமரா நனையாமல் மெல்லச் சூடேறும். நீலநிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறிவிட்டால் அது நிறைந்துவிட்டது என்று பொருள்; சுமார் 120 டிகிரியில் காயவைத்தால் நீலம் திரும்பும். மழை மாதங்களில் இதைச் செய்யாமல் விட்டால், ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டிய அலமாரியில் லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது.