பந்தைப் பார்க்காமல் பந்தைத் தட்டுவது எப்படி?

யீஷூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் ஒரு கூடைப்பந்துத் திடல் இருக்கிறது. சிமெண்ட் தரை, பாதி அறுந்த வலை. உயர்நிலை ஒன்றில் கூடைப்பந்தை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்துக்கொண்ட என் மகள் மாலையில் பெரும்பாலும் அங்கேதான் இருப்பாள். பயிற்றுவிப்பாளர் அவளைப் பாயிண்ட் கார்டாகப் போட்டிருக்கிறார். பந்தை எதிரணியின் பக்கம் தட்டிக்கொண்டு போய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கும் ஆள். முதல் வாரம் முழுக்க அவர் அவளிடம் சொன்னது “ஹெட்ஸ் அப்!” மட்டும்தான். தலையைத் தூக்கு, பந்தைப் பார்க்காதே.

வீட்டுக்கு வந்து கேட்டாள்: “பந்தைப் பார்க்காம எப்படிம்மா பந்தைத் தட்டுறது?”

நியாயமான கேள்வி. அவளுக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, பாயிண்ட் கார்ட் ஆவதில் பெரும் பகுதி கண்ணையும் கவனத்தையும் பந்திடமிருந்து மீட்டெடுக்கிற வேலை என்று புரிந்தது.

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். நம் கண் மிகத் துல்லியமாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த விரல் அகலத்தை, அதாவது சுமார் 2 பாகையை மட்டுமே. மற்ற இடமெல்லாம் மங்கல்தான். ஆனால் அந்த மங்கலான ஓரப்பார்வை அசைவைச் சட்டென்று பிடித்துவிடும். தலை நிமிர்ந்திருந்தால் ஓடுகிற தோழியும் நெருங்குகிற எதிராளியும் அதில் படுவார்கள். தலை குனிந்திருந்தால் படுவது தரையும் காலணிகளும்தான்.

சரி, தலையை மட்டும் தூக்கினால் போதுமா? போதாது. உளவியலாளர்கள் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. ஒரு காணொளியில் இரண்டு அணிகள் கூடைப்பந்தைக் கைமாற்றிக்கொண்டிருக்கின்றன. ஓர் அணியின் பாஸ்களை மட்டும் எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா உடையணிந்த ஒருவர் ஆட்டக்காரர்களுக்கு ஊடே நடந்துபோகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை. பந்தைத் தட்டுவதிலேயே மனம் முழுவதையும் செலவழிக்கும் பிள்ளையின் நிலையும் இதுதான். கூடைக்கு அடியில் ஆளில்லாமல் கைதூக்கி நிற்கும் தோழி அவள் கண்ணுக்கு நேரே இருந்தாலும் தெரியமாட்டாள். “பாக்கலையா நீ?” என்று திடலோரத்திலிருந்து கத்தும் பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் உண்மையிலேயே பார்க்கவில்லை.

அப்படியானால் பந்தை யார் கவனிப்பது? கைதான். ஒரு கையின் உள்பக்கத் தோலில் தொடுவுணர்வுக்கென்று சுமார் 17,000 நரம்பிழைகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவை உள்ளங்கையைவிட விரல்நுனிகளில்தான் அடர்த்தி. ‘உள்ளங்கையால் அறையாதே, விரல்களால் தள்ளு’ என்று சொல்லிக்கொடுப்பதற்கு இது ஒரு காரணம். விரல்கள் விரிந்து பந்தோடு சற்று மேலே வந்து பிறகு கீழே தள்ளும்போது பந்து கையில் கூடுதல் நேரம் தங்குகிறது. அந்தச் சிறு இடைவெளியில்தான் அது எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. அடுத்த துள்ளல் எப்போது, எங்கே வந்து சேரும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணிக்கிறது. கை பந்தைத் தேடிப் போவதில்லை. வரப்போகும் இடத்தில் காத்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் இயற்பியலும் உண்டு. சரியாகக் காற்றடித்த பந்தை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அது ஏறக்குறைய 1.05 மீட்டர்தான் மேலே வரும். ஒவ்வொரு துள்ளலிலும் சுமார் 40 விழுக்காடு ஆற்றல் போய்விடுகிறது. போனதைக் கைதான் ஈடுகட்ட வேண்டும். உயரமும் முக்கியம். 80 சென்டிமீட்டரிலிருந்து தானாக விழும் பந்து தரையைத் தொட 0.4 நொடி ஆகும். 20 சென்டிமீட்டர் என்றால் 0.2 நொடி. உயரம் கால்பங்கானால் நேரம் பாதியாகிறது. கை அழுத்தித் தள்ளுவதால் ஆட்டத்தில் இரண்டுமே இன்னும் குறையும், ஆனாலும் தாழத் தட்டினால் பந்து கையைவிட்டு விலகியிருக்கும் நேரம் குறைவு என்பது மாறாது. கண்ணால் கண்டதற்குக் கையை அசைக்க மனிதருக்குக் குறைந்தது 0.2 நொடி வேண்டும். பந்து கையைவிட்டு விலகியிருக்கும் நேரம் அதை நெருங்க நெருங்க, பறிக்க வருபவருக்கு வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். குள்ளமான பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே கிடைக்கும் வரம்.

இதெல்லாம் பழக்கத்தில் ஊறினால்தான் மனம் விடுபடும். நம் மரபில் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு, ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கும் அவதானக் கலை. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நூறு விஷயங்களை ஒரே அரங்கில் கவனித்துக் காட்டினார். கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாட வேண்டும், முதுகில் விழும் நெல்லை எண்ண வேண்டும். அவதானிகள் யாப்பை எண்ணிப் பார்த்துப் பாடுவதில்லை, அது நாவிலேயே இருக்கும். அதனால்தான் மற்றவற்றுக்குக் கவனம் மிச்சமிருக்கிறது. பாயிண்ட் கார்டும் ஒரு சின்ன அவதானிதான். உடற்பயிற்சிக் கல்வியில் இன்றும் பேசப்படும் ஒரு பகுப்பை உளவியலாளர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும் 1967இல் முன்வைத்தார்கள். எந்தத் திறனும் முதலில் யோசித்துச் செய்யப்படும், பிறகு சீராகும், கடைசியில் தானாக நடக்கும்.

தானாக நடக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி, கூடவே இன்னொரு வேலையைக் கொடுப்பது. பயிற்றுவிப்பாளர் விரல்களைக் காட்டுவார், பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டே எத்தனை என்று சொல்ல வேண்டும். நான் வேறொன்று செய்தேன். அவள் தட்டும்போது தமிழ்ப் பாடத்து மரபுத்தொடர்களுக்குப் பொருள் கேட்டேன். முதலில் பந்து காலில் பட்டு ஓடும், அல்லது பதில் பாதியில் நின்றுவிடும். எது முதலில் உடைகிறது என்று கவனித்தாலே அவள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று தெரியும். வலக்கையில் பதில் சரளமாக வந்த பிறகும் இடக்கையில் பல வாரம் திணறினாள்.

சரி, கவனம் விடுபட்டுவிட்டது. அதை எதில் செலவிடுவது? கூடைப்பந்து ஆடுவோருக்கும் ஆடாதோருக்கும் ஆட்டப் படங்களைச் சில நொடி காட்டி, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்ட ஆய்வு ஒன்று 1980இல் வந்தது. ஒழுங்கான தாக்குதல் அமைப்பு என்றால் ஆடுவோர் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். அமைப்பில்லாமல் கலைந்து நிற்கும் படம் என்றால் அந்த மேன்மை காணாமல்போனது. ஆக, அவர்களுக்கு இருந்தது பொதுவான ஞாபக சக்தி இல்லை. எழுத்துக்கூட்டாமல் சொல்லை முழுதாக வாசிப்பதுபோல, திடலில் நிற்கும் இரு அணிகளின் பத்துப் பேரை இரண்டு மூன்று வடிவங்களாக வாசிக்கிறார்கள்.

வடிவம் தெரிந்தால் வேறொரு லாபமும் உண்டு. தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று 1952இல் உளவியலாளர் ஹிக் காட்டினார். பந்துடன் இருப்பவருக்கு ஷூட், பாஸ், ஊடுருவல் என்று ஏகப்பட்ட வழிகள். ஆனால் பிக் அண்ட் ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான தோழி வந்து என் மகளைத் தடுப்பவரின் வழியை மறித்து நிற்கிறாள். அப்போது மகள் பார்க்க வேண்டியது ஒரே ஓர் ஆளை, அந்த உயரமான தோழியைக் காவல்காக்கும் எதிராளியை. அவர் முன்னே பாய்ந்து வந்தால் கூடையை நோக்கி ஓடும் தோழிக்குப் பாஸ். பின்வாங்கினால் இவளே உள்ளே போகலாம். பத்துப் பேரைப் பற்றிய கேள்வி ஒருவரைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. பந்தை 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டவும் 24 நொடிக்குள் ஷூட் செய்யவும் வேண்டிய ஆட்டத்தில் இது பெரிய சேமிப்பு.

பாஸிலும் கணிப்புதான். பந்து நொடிக்கு 10 மீட்டர் போகிறது, தோழி 7 மீட்டர் தள்ளி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 0.7 நொடி ஆகும். நொடிக்கு 5 மீட்டர் ஓடுபவள் அதற்குள் 3.5 மீட்டர் நகர்ந்திருப்பாள். அவள் நிற்கும் இடத்துக்கு எறிந்தால் பந்து காலி இடத்துக்குத்தான் போகும்.

பயிற்சி பற்றி எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. கூம்புகளை வரிசையாக வைத்து ஒரே அசைவை ஐம்பது தடவை செய்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 1979இல் ஷேயும் மார்கனும் கை அசைவுகளை வைத்துச் செய்த சோதனையில், கலந்துகட்டிப் பழகியவர்கள் பழகும்போது தடுமாறினார்கள், பிறகு சோதித்தபோது அவர்களுக்குத்தான் கூடுதலாக நிலைத்திருந்தது. அதனால் பயிற்சியில் பிள்ளை பந்தை இழப்பதைப் பார்த்து நான் இப்போது பதறுவதில்லை. மூவர் மூவராக ஆடும் ஆட்டமும் நல்லது. 2010இல் நம் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கில்தான் அது ஒலிம்பிக் மேடைக்கு முதன்முதலாக வந்தது. ஆட்கள் குறைவு என்பதால் ஒவ்வொருவர் கைக்கும் பந்து அடிக்கடி வரும், முடிவெடுக்கும் தருணங்களும் கூடும். திடலோரத்திலிருந்து “பாஸ்! பாஸ்!” என்று நாம் கத்தினால் அந்தத் தருணத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

போன வாரம் மழை விட்ட பிறகு கீழே போனோம். நான் நடைபாதையோரம் நின்று, “கங்கணம் கட்டுதல்?” என்றேன். இடக்கையால் தட்டிக்கொண்டே, “உறுதி எடுத்துக்கறது” என்றாள். அதே மூச்சில், “அம்மா, கொஞ்சம் நகருங்க, பின்னாடி சைக்கிள் வருது.”